பதிவேட்டில் பூட்டிய புத்தகங்கள்

2001 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் டெஃப்கான் என்னும் கணினிப் பாதுகாப்பு மாநாடு நடந்தது. மாஸ்கோவிலிருந்து வந்திருந்த திமித்ரி ஸ்க்லியாரோவ் என்ற இளம் நிரலாளர் மேடையேறி, அன்று சந்தையில் விற்றுக்கொண்டிருந்த மின்னூல் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக் காட்டினார். ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான டாலர் விலை வைத்திருந்த பூட்டு, எழுத்துகளை அகரவரிசையில் 13 இடம் தள்ளிப்போடும் ரோட்-13 முறையில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் ரகசியச் சீட்டு எழுதும் முறை அது. கிட்டத்தட்ட நூறு சதவீதம் திருட முடியாதது என்று விளம்பரம் செய்துகொண்ட இன்னொரு மென்பொருள், நூலின் ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளோடு வரிசையாக எக்ஸ்-ஆர் என்னும் பிட் கணக்கில் கலந்தது. எத்தனை எழுத்தோடு இப்படிச் செய்தாலும், கடைசியில் ஒரே ஒரு மாறாத எண்ணோடு செய்ததற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. 256 எண்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் புத்தகம் திறந்துவிடும். அந்த ஆங்கிலச் சொல்லுக்கே 'மறையாக்கப்பட்டது' என்றுதான் பொருள்.

பேசி முடித்து ஊர் திரும்ப இருந்த ஸ்க்லியாரோவை, ஜூலை 16 அன்று எஃப்.பி.ஐ. கைது செய்தது. அவர் வேலை பார்த்த எல்காம்சாஃப்ட் நிறுவனம், அடோபி மின்னூல்களின் பூட்டை நீக்கும் மென்பொருள் ஒன்றை விற்றுவந்தது. காசு கொடுத்து வாங்கிய நூலை வேறு கணினியில் வைத்துக்கொள்ள, கண் தெரியாதவர் திரைவாசிப்பானில் கேட்க என்று அதற்குப் பயன்கள் சொல்லப்பட்டன. ரஷ்யாவில் அது சட்டப்படி செல்லும் சரக்கு. அமெரிக்காவிலோ, 1998இல் வந்த டிஜிட்டல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டப்படி, பூட்டை உடைக்கும் கருவியை விற்பதே குற்றம். புகார் கொடுத்த அடோபி, நிரலாளர்களின் போராட்டத்தைப் பார்த்து ஒரே வாரத்தில் பின்வாங்கியது. அரசு பின்வாங்கவில்லை. மூன்று வாரச் சிறைக்குப் பிறகு ஜாமீன் கிடைத்தாலும், டிசம்பரில்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது. மறுவருடம் டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகர ஜூரி, நிறுவனத்தை எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவித்தது.

இருபத்தைந்து ஆண்டு கடந்தும் இந்த வழக்கை நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. மின்னூலைப் பூட்டி விற்பது பற்றி இன்று தமிழ்ப் பதிப்பாளர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் அன்றே கேட்கப்பட்டுவிட்டன. பூட்டு எவ்வளவு பலம்? உடைத்தால் என்ன தண்டனை? வாங்கியவருக்கு என்ன உரிமை? பூட்டு விற்பவர்கள் முதல் கேள்விக்கு மட்டும் உரக்கப் பதில் சொல்கிறார்கள். நான் இங்கே கேட்க விரும்புவது இவை மூன்றிலும் சேராத ஒன்று: வாங்கியவரின் பெயரை எழுதிவைக்கும் அந்தப் பதிவேடு யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும்?

பதிவு முறைப் பூட்டு வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. நூலின் கோப்பு ஒரு மறைசாவியால் குழப்பி வைக்கப்பட்டிருக்கும். வாங்குபவர் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் கொடுத்துப் பதிவுசெய்கிறார். மென்பொருள் அவருடைய கணினியிலிருந்து வன்தட்டு எண், பிணைய அட்டை எண் போன்ற சில அடையாளங்களைத் திரட்டி, ஒரு சுருக்கக் குறியீடாக்கி விற்பவரின் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அந்தக் கணினியில் மட்டும் செல்லும் சாவியைத் திருப்பி அனுப்புகிறது. கோப்பை நண்பருக்கு அனுப்பினால் அவர் கணினியின் அடையாளம் பொருந்தாது, நூல் திறக்காது. வன்தட்டு கெட்டுப்போய் மாற்றினாலும் திறக்காது என்பது வாங்கியவருக்குப் பிறகுதான் தெரியவரும்.

இதில் அடிப்படையான ஓட்டை ஒன்று உண்டு. எந்த நிரலாளராலும் அதை அடைக்க முடியாது. மறையாக்கம் என்பது, அனுப்புபவரும் பெறுபவரும் சேர்ந்து மூன்றாம் ஆளிடமிருந்து செய்தியைக் காப்பதற்காக உருவான கலை. மின்னூல் வணிகத்திலோ பெறுபவரும் சந்தேகத்துக்குரிய மூன்றாம் ஆளும் ஒருவரே. அவர் படிக்க வேண்டுமானால் நூல் அவர் திரையில் மறைநீங்கி வந்தே ஆக வேண்டும். அப்படி வருவதற்கான சாவி அவர் கணினிக்குள் எங்கோ ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும். மென்பொருள் செய்வதெல்லாம் சாவியை ஒளித்துவைப்பதுதான். தேடுகிறவர்களில் ஒருவர் கண்டுபிடித்தால் போதும். அடோபியின் அடுத்த தலைமுறைப் பூட்டு 2007இல் டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளோடு வந்தது. 2009இல் அதுவும் திறக்கப்பட்டது.

பிடிஎஃப் கோப்புக்குப் போடும் பாஸ்வேர்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நம்மூரில் அதிகம் புழங்குவது அதுதான். பிடிஎஃப்பில் இருவகைக் கடவுச்சொல் உண்டு. கோப்பைத் திறக்கவே கேட்பது ஒன்று. நீளமான சொல்லாக வைத்தால் இன்றைய மறையாக்கத்தில் அது உறுதியானது. ஆனால் வாங்கியவர் கோப்போடு கடவுச்சொல்லையும் சேர்த்து அனுப்பிவிடலாம். 'அச்சிடக் கூடாது, நகலெடுக்கக் கூடாது' என்று தடைபோடும் கடவுச்சொல் இன்னொன்று. கோப்பு திறந்த பிறகு இந்தத் தடைகளை மதிப்பதும் மதிக்காததும் வாசிக்கும் மென்பொருளின் விருப்பம். இலவசமாகக் கிடைக்கும் பல மென்பொருள்கள் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை.

பூட்டே போடாமல் நம்பி விற்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பழைய சோதனை இருக்கிறது. 2000 மார்ச் 14 அன்று ஸ்டீஃபன் கிங்கின் 'ரைடிங் த புல்லட்' குறுநாவல் மின்னூலாக மட்டும் வெளிவந்தது. விலை இரண்டரை டாலர்; சில கடைகள் இலவசமாகவே தந்தன. முதல் 24 மணி நேரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளுக்கு ஆள் வந்து சர்வர்கள் திணறின. சில நாள்களிலேயே பூட்டு உடைந்த பிரதிகளும் சுற்றத் தொடங்கிவிட்டன. அதே ஆண்டு ஜூலையில் கிங் வேறு வழியில் போனார். 'த பிளான்ட்' என்ற தொடர்கதையைப் பூட்டில்லாமல் தன் தளத்தில் வைத்தார். தரவிறக்குகிறவர்களில் 75 சதவீதம் பேராவது ஒரு டாலர் கட்டினால் தொடர்ந்து எழுதுவேன் என்றார். முதல் பகுதியில் வாக்கு காப்பாற்றப்பட்டது. நான்காம் பகுதியில் கட்டியவர்கள் பாதிக்கும் கீழே போனார்கள். ஆறாம் பகுதியோடு டிசம்பரில் கதை நின்றது, இன்றுவரை முடியவில்லை.

வாசகரை நம்பியதால் தோற்றார் என்றுதான் இதை வழக்கமாகச் சொல்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அந்த ஆறு பகுதிகளில் செலவு போக அவருக்குக் கிடைத்த லாபம் 4,60,000 டாலருக்கு மேல். கிங்கின் பெயர் எல்லோருக்கும் இல்லை என்பது உண்மை. ஆனாலும் பூட்டிய நூலும் கசிந்தது, பூட்டாத நூலும் காசு கொண்டுவந்தது என்ற இரண்டையும் ஒரே ஆண்டில் ஒரே எழுத்தாளர் பார்த்துவிட்டார்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை 1998இல் தொடங்கிய பீனட் பிரஸ் என்ற சிறு நிறுவனம் பிடித்தது. பாம் கையடக்கக் கருவிகளுக்கு நூல் விற்ற நிறுவனம் அது; பின்னர் இ-ரீடர் என்ற பெயரில் இயங்கியது. அதன் பூட்டுக்குச் சாவி, வாங்கியவரின் பெயரும் கிரெடிட் கார்டு எண்ணும். புத்தகத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கூடவே கார்டு எண்ணையும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மனைவிக்கும் மகனுக்கும் கொடுப்பார்கள், முகம் தெரியாதவருக்குக் கொடுக்க மாட்டார்கள். மனித இயல்பை இவ்வளவு சரியாகக் கணித்த பூட்டு வேறொன்று வந்ததாக நான் நினைக்கவில்லை. கணினி மாறினால் கவலையில்லை, சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. குறை, கார்டு காலாவதியானபோது தெரிந்தது. புது எண் வந்த பிறகும், பழைய நூலைத் திறக்கப் பழைய எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

பதிவேடு விற்பவரின் சர்வரில் மட்டும் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்குச் சான்று மைக்ரோசாஃப்ட். மின்னூல் கடையை மூடுவதாக 2019 ஏப்ரலில் அந்நிறுவனம் அறிவித்தது. விற்ற நூல்கள் எல்லாம் ஜூலையில் வாங்கியவர்களின் கருவிகளில் திறக்காமல் போயின. முழு விலையும் திருப்பித் தரப்பட்டது. ஓரக்குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். நியாயமாக நடந்துகொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றால் அப்படி நடக்க முடிந்தது. பத்துத் தலைப்பு விற்கும் ஒரு சிறு பதிப்பகம் மூடினால் யார் யாருக்குப் பணம் திருப்பித் தருவது? நூல் விற்பனையில் லாபம் இல்லாததால்தானே அது மூடியிருக்கும்?

மூடாத கடையும் கைவைக்கலாம். 2009 ஜூலையில் அமேசான், உரிமையில்லாத ஒருவர் பதிவேற்றி விற்ற ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. அவற்றில் ஒன்று '1984' என்பதால் உலகம் முழுவதும் செய்தியானது. ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. இது தமிழ் வாசகருக்கும் நேரடியாகப் பொருந்தும். 2016 டிசம்பரில் இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளுக்குக் கிண்டில் கதவு திறந்தது முதல், தமிழில் மின்னூல் விலைக்கு வாங்கும் பழக்கமே பெரிதும் அந்தக் கடையை ஒட்டித்தான் வளர்ந்தது.

பதிவேட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. எழுதத் தொடங்கினால் தேவைக்கு மேல் எழுதும். 2014 அக்டோபரில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் 4, வாசகர் எந்த நூலைத் திறந்தார், எந்தப் பக்கங்களைப் படித்தார் என்ற விவரங்களை மறையாக்கம்கூடச் செய்யாமல் தன் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அம்பலமானது. நூலைப் பூட்டத் தெரிந்தவர்களுக்கு வாசகரின் விவரத்தைப் பூட்டத் தோன்றவில்லை.

சரி, பூட்டினால் விற்பனை கூடுகிறதா? அறிவியல் புனைவுப் பதிப்பகமான டார், 2012இல் தன் மின்னூல்களிலிருந்து பூட்டை மொத்தமாக நீக்கியது. ஓராண்டு பார்த்துவிட்டு, தங்கள் தலைப்புகளில் திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அதன் பிரிட்டன் பிரிவு 2013இல் எழுதியது. இதை வைத்துத் திருட்டால் நட்டமே இல்லை என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு, அது சரியல்ல. இம்கே ரைமர்ஸ் என்ற பொருளியலாளர், திருட்டுப் பிரதிகளை இணையத்தில் தேடித்தேடி நீக்கும் சேவை ஒன்றை எடுத்துக்கொண்ட பதிப்பகத்தின் விற்பனையை ஆராய்ந்தார். மின்னூல் விற்பனை 14 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அச்சு நூலில் அப்படி மாற்றம் இல்லை. திருட்டுப் பிரதி விற்பனையைத் தின்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அங்கே பலன் தந்தது, கோப்பின் பூட்டைவிட, வெளியே சுற்றிய பிரதிகளைத் துரத்திய வேலை. பூட்டுக்குச் செலவிடும் பணத்தையும் துரத்துவதற்குச் செலவிடும் பணத்தையும் ஒரே தலைப்பில் கணக்கெழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் போராட்டம் கடுமையாக நடப்பது இலக்கியத்தில் அன்று, போட்டித் தேர்வுக் கையேடுகளில். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கான பாடக்குறிப்பை ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார். அன்று மாலையே அது டெலிகிராம் சேனலில் கிடைக்கிறது. எழுதியவருக்கு வயிறு எரிகிறது, எரியத்தான் செய்யும். அடுத்த பதிப்பை பிடிஎஃப்பாகத் தராமல் சொந்தச் செயலிக்குள் வைக்கிறார். யுபிஐயில் பணம் கட்டினால் கைபேசி எண்ணுக்கு ஓடிபி வரும்; ஓர் எண்ணுக்கு ஒரு கைபேசி. ஆண்ட்ராய்டு தரும் பாதுகாப்புக் கொடி ஒன்றை நிரலில் ஏற்றிவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது, எடுத்தாலும் கறுப்பாகவே வரும். எல்லாம் சரியாக வேலை செய்யும். பிறகு ஒரு மாணவர், அறை நண்பரின் கைபேசியை வாங்கி, தன் திரையைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிப்பார். ஸ்கேன் செயலி ஓரங்களை வெட்டி நேராக்கிப் பிடிஎஃப்பாக்கித் தரும். 200 பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும். சேனலுக்கு வேண்டியது அப்படி ஒரே ஒரு பிரதிதான். மீதி வாங்கியவர்கள் எல்லோரும் கைபேசி மாறும்போதெல்லாம் 'சார், லாகின் ஆகல' என்று வாட்ஸாப்பில் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே நீதிமன்றம் துரத்தலுக்குத்தான் கைகொடுத்திருக்கிறது. பயிற்சி மையம் நடத்தும் ஆசிரியை ஒருவர், தன் பாடநூல்களும் வகுப்புக் காணொளிகளும் டெலிகிராமில் பரவுவதாக வழக்குத் தொடுத்தார். 2022 ஆகஸ்ட் 30 அன்று டெல்லி உயர்நீதிமன்றம், அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் கைபேசி எண், இணைய முகவரி போன்ற விவரங்களை ஒப்படைக்க டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. எங்கள் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை.

நமது பதிப்புரிமைச் சட்டம் பூட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியது 2012 திருத்தத்தில். புதிதாகச் சேர்ந்த 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டுபவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அமெரிக்கச் சட்டத்திலிருந்து இது முக்கியமான ஓர் இடத்தில் விலகுகிறது: உரிமையை மீறும் நோக்கத்தோடு தாண்டினால்தான் குற்றம். வாங்கிய நூலைத் தன் புதுக் கணினியில் படிப்பதற்காகப் பூட்டை நீக்குபவரை இங்கே எளிதில் குற்றவாளியாக்க முடியாது. ஸ்க்லியாரோவின் வாதமே இங்கே பிரிவாக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சட்டம் அனுமதிக்கும் வேலைக்காக இன்னொருவருக்குப் பூட்டை நீக்கிக் கொடுப்பவர், அந்த ஆளின் பெயரையும் முகவரியையும் குறித்துவைத்திருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. பூட்டை நீக்குவதற்கும் ஒரு பதிவேடு!

அதற்கு அடுத்த 65பி பிரிவில், பதிப்பாளர்கள் பலரும் கவனிக்காத பள்ளம் ஒன்று இருக்கிறது. நூலில் பொதிந்துள்ள உரிமை விவரங்களை அழிப்பதை அது குற்றமாக்குகிறது. ஆனால் உரிமை விவரம் என்றால் என்ன என்று விளக்கும் வரையறை, பயன்படுத்துபவரை அடையாளம் காட்டும் ஏற்பாடுகளை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. நூலாசிரியர் பெயரை அழித்தால் வழக்குப் போடலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சிட்டிருக்கும் வாங்கியவரின் பெயரை அழித்தால் இந்தப் பிரிவு உதவாது.

தமிழுக்கே உரிய விபத்துப் பூட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கொட்டும். 'நகலெடுக்க முடியாதது நல்லதுதானே' என்று பதிப்பாளர் நினைக்கலாம். அந்தக் கோப்பைப் பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதே குப்பையாகத்தான் படிக்கும். தேடுபொறிக்கும் அது தமிழ் அன்று. படம்பிடித்து விற்பவருக்கோ எந்தத் தொல்லையும் இல்லை. பார்வையற்றோர் நூல்களைப் பெற வழிசெய்யும் மராக்கெஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. அணுகத்தக்க வடிவில் பிரதி எடுத்துக்கொள்ள நமது சட்டத்தின் 52ஆம் பிரிவும் இடம் தருகிறது. சட்டம் திறந்த கதவைச் செயலிக்குள் வைத்துப் பூட்டும் பதிப்பாளர், அவர்களுக்காகப் பூட்டில்லாத இ-பப் பிரதியைத் தனியே வைத்திருந்து கேட்டதும் தருவது கடமை என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் நூலை எப்படித்தான் விற்பது? கருவியோடு கட்டும் பூட்டு, தமிழின் சிறு பதிப்பாளருக்குக் கட்டுப்படியாகாது என்பது என் முடிவு. சர்வரைக் காலமெல்லாம் நடத்த வேண்டும், ஒவ்வோர் ஆண்ட்ராய்டு மாற்றத்துக்கும் செயலியைத் திருத்த வேண்டும், பூட்டு உடைந்தாலும் உதவித் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கும். வாங்கியவரின் பெயரையும் ஆர்டர் எண்ணையும் நூலுக்குள் பொறித்துத் தருவது மலிவான, மானமான வழி. ஹாரி பாட்டர் மின்னூல்கள் 2012இல் பாட்டர்மோர் தளத்தில் விற்பனைக்கு வந்தபோது கைக்கொண்டது இந்த நீர்க்குறி முறையைத்தான். பெயரோடு பொறித்த பிரதியைச் சேனலில் போடக் கை கூசும். அழித்துவிட்டுப் போடுகிறவருக்கு எந்தப் பூட்டும் பொருட்டில்லை. 65பி இங்கே துணைக்கு வராது என்பதால், பிரதி கசிந்தால் என்ன செய்வோம் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. முழுக் கைபேசி எண்ணைப் பக்கத்தில் அச்சடிக்க வேண்டாம். கோப்பு களவுபோனால் வாங்கியவர்தான் மாட்டிக்கொள்வார்.

இரவல் நூலகம் நடத்துபவர்களுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் பூட்டு தவிர்க்க முடியாததாக இருக்கலாம். இரவல் கெடு முடிந்ததும் நூல் மூடிக்கொள்ள வேண்டுமே. பாரீஸிலுள்ள இடிஆர்லேப் என்ற அமைப்பு பராமரிக்கும் ரீடியம் எல்.சி.பி. என்ற பூட்டு அவர்கள் பார்க்க வேண்டிய ஏற்பாடு. வாசகருக்கு ஒரு கடவுத்தொடர் தரப்படும். ஒருமுறை நூல் இறங்கிவிட்டால் படிப்பதற்கு ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. பழைய இ-ரீடரின் யோசனை, கார்டு எண் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது.

எந்த வழியில் விற்றாலும் வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, திரும்பப் பெறக்கூடிய டிஜிட்டல் சரக்கை 'வாங்குங்கள்' என்ற பொத்தானோடு விற்பவர், கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி தருபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்தியாவில் இப்படித் தனி விதி கிடையாது. தமிழில் மின்னூல் விற்பவர்கள் விதி வரும்வரை காத்திருக்காமல், விலைக்குக் கீழே இரண்டு வரி சேர்த்துவிடலாம்: இந்த நூல் எத்தனை கருவிகளில் திறக்கும், கடையை மூட நேர்ந்தால் வாங்கியவர்களுக்குப் பூட்டில்லாத பிரதி எத்தனை நாளுக்குள் வந்து சேரும்.